ஹை-கெயின் ஆம்பில் நல்ல ராக் ஒலி: கெயின் குமிழைக் கடைசியாகத் தொடுங்கள்

வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிரட்டலாக இருக்கும் கிட்டார், ரிகர்சலில் டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். வாசிப்பவர் உடனே கெயினை, அதாவது ஆம்பின் முதல் பெருக்கத்தை, கூட்டுவார். ஒலி இன்னும் மங்கும். மறுபடியும் கூட்டுவார். கடைசியில் குமிழ் முழுக்கத் திரும்பி நிற்கும். ஸ்பீக்கரிலிருந்து வருவதோ தேனீக்கூட்டு ரீங்காரம். "ஆம்ப் சரியில்லை" என்று சர்வீஸுக்கு வரும் பெட்டிகள் பலவற்றில் பழுது ஒன்றும் இருக்காது. செட்டிங்தான் தவறாக இருக்கும்.

கெயின் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பழைய வால்வு ரேடியோவில் இருந்ததைப் போன்ற கண்ணாடி வால்வுகள்தான் இந்த ஆம்ப்களிலும். ஆம்பின் முன்பகுதியான ப்ரீஆம்பில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கத் திறன் எண் 100. சர்க்யூட்டில் அவ்வளவும் கிடைக்காது என்றாலும், இப்படி மூன்று நான்கு கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து வரும் சின்னஞ்சிறு மின் அலை பூதாகரமாகிவிடும். வால்வால் தாங்க முடியாத உயரத்தை அலை எட்டியதும் அதன் தலை வெட்டிச் சீவப்படுகிறது. நாம் டிஸ்டார்ஷன் என்று கேட்பது அந்தச் சீவலைத்தான். 1987-இல் வந்த சோல்டானோ எஸ்எல்ஓ-100, 1992-இல் வந்த பீவி 5150, மார்ஷலின் டிஎஸ்எல் வரிசை எல்லாமே அடிப்படையில் இந்தக் குடும்பம்தான்.

தலை சீவப்பட்ட அலை அதற்கு மேல் வளராது. அந்த எல்லையைத் தாண்டியும் கெயினைக் கூட்டினால் மேலே வருவது கீழே கிடந்தவை மட்டும்: வால்வின் இரைச்சல், டியூப்லைட்டின் ஹம், விரல் கம்பியில் உரசும் சத்தம். மெதுவாகத் தொட்டதும் ஓங்கி அடித்ததும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. பிக் கம்பியைத் தட்டும் அந்த முதல் 'டக்' மறைந்துபோகிறது. கூட்டத்தில் கிட்டாரைக் காட்டிக்கொடுப்பதே அந்த 'டக்'தான்.

இரண்டு சுரங்கள் சேர்ந்து சீவப்படும்போது இன்னொன்றும் நடக்கிறது. அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. ஆறாம் கம்பியின் திறந்த ஈ 82.4 ஹெர்ட்ஸ், அதன் மேல் வைக்கும் பி 123.5 ஹெர்ட்ஸ். கழித்துப் பார்த்தால் 41 சொச்சம், அதாவது இன்னும் ஓர் ஆக்டேவ் கீழே இருக்கும் ஈ. இப்படி இரண்டு சுரம் மட்டும் சேர்ந்த பவர் கார்டு இவ்வளவு பெரிதாக ஒலிப்பதன் காரணம் இது. மேஜர் கார்டின் மூன்றாம் சுரத்தைச் சேர்த்தால் இப்படிப் பிறக்கும் அதிர்வெண்கள் சுதியோடு ஒட்டாது. கெயின் ஏற ஏற கார்டு குழம்பாகும். கவனியுங்கள், அந்த 41 ஹெர்ட்ஸ் பேஸ் கிட்டாரின் திறந்த ஈ கம்பி நிற்கும் இடம். உங்கள் ஆம்ப் அங்கே போய் உட்கார்ந்தால் பேஸும் காதில் விழாது, உங்கள் கிட்டாரும் விழாது.

எங்கிருந்து தொடங்குவது

எடுத்துக்காட்டாக 1997-இல் வந்த மார்ஷல் ஜேசிஎம்2000 டிஎஸ்எல்100-ஐ எடுத்துக்கொள்வோம். பழைய பெட்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கிளாசிக் கெயின் சேனலில் கிளீன், கிரன்ச் என இரண்டு நிலை. அல்ட்ரா கெயின் சேனலில் லீட் 1, லீட் 2. இரண்டு சேனலுக்கும் ட்ரெபிள், மிடில், பேஸ், உச்ச ஒலிக்கு இன்னும் கூர்மை சேர்க்கும் ப்ரெசன்ஸ் ஆகியவை பொதுவானவை. இது முக்கியம், பின்னால் இதற்கு வருகிறேன்.

கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப், வால்யூம் முழுக்க. ஆம்பில் லீட் 1. டோன் ஷிப்ட், டீப் இரண்டு பட்டனும் வெளியே. நான்கு டோன் குமிழ்களும் கடிகார முள் 12-ஐக் காட்டுவதுபோல். கெயின் 9 மணியில். இப்போது சேனல் வால்யூமை மட்டும் டிரம்ஸ் அளவுக்கு ஏற்றுங்கள். டோன் செட் செய்வது இந்தச் சத்தத்தில்தான். சத்தம் குறையும்போது நம் காதுக்கு அடி ஒலியும் உச்ச ஒலியும் குறைவாகக் கேட்கும் என்று பிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். படுக்கையறையில் மெல்ல வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிடிலைப் பூஜ்யமாக்கினால் இனிமையாக இருப்பது அதனால்தான். அதே செட்டிங்கை மேடையில் வைத்தால் பேஸ், கிக் டிரம்மோடு மோதும். ட்ரெபிள், சிம்பலோடு மோதும். கிட்டாருக்கென்று இருக்கும் நடு இடம் காலியாகக் கிடக்கும்.

அடுத்தது பேஸ். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜின் மேல் லேசாக வைத்து, ஆறாம் கம்பியை மட்டும் இடைவெளி விட்டு அடியுங்கள். பேஸ் குமிழைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். முதலில் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் 'டக் டக்' என்று கேட்கும். கொஞ்சம் ஏறியதும் 'தம் தம்' என்று உடம்பு வரும். இன்னும் ஏற்றினால் ஓர் அடி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து இரண்டும் ஒட்டிக்கொண்டு 'தொம்ம்ம்' என்று இழுக்கும். ஒட்டத் தொடங்கிய இடத்திலிருந்து ஒரு சிட்டிகை பின்னால் வாருங்கள். இதைத் தனியாகச் செய்யாமல் பேஸ் வாசிப்பவரோடு சேர்ந்து செய்தால் குமிழ் இன்னும் கீழே போகும். போகட்டும்.

மிடிலை 12-க்குக் கீழே இறக்க வேண்டிய தேவை ராக் இசைக்கு அபூர்வம். 1 அல்லது 2 மணிக்கு ஏற்றிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல் இருக்கும். கூட்டத்தில் அதுதான் சரியாக உட்காரும். இந்த வகை ஆம்பில் எல்லாக் குமிழும் 12-இல் இருந்தாலும் நடு ஒலி ஏற்கெனவே ஓரளவு குழிந்துதான் இருக்கும், சர்க்யூட்டின் அமைப்பே அப்படி. ட்ரெபிள், மிடில், பேஸ் மூன்று குமிழ்களும் ஒன்றையொன்று பாதிப்பவை என்பதால் ஒன்றைத் திருப்பினால் மற்ற இரண்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ட்ரெபிள், ப்ரெசன்ஸ் வைக்கும்போது ஸ்பீக்கர் முன்னால் குனியுங்கள். 12 இன்ச் ஸ்பீக்கர் உச்ச ஒலியை நேர்கோட்டில் டார்ச் லைட்போல் அடிக்கும். கேபினெட் உங்கள் முழங்காலுக்குப் பின்னால் இருக்கிறது. உங்கள் காதோ மேலே. நின்றபடி போதவில்லை என்று ப்ரெசன்ஸை ஏற்றினால், முன்வரிசையில் இருப்பவர் காதில் ஊசி குத்தும். கேபினெட்டைச் சாய்த்து வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

இப்போதுதான் கெயின். 9 மணியிலிருந்து ஏற்றிக்கொண்டே வாருங்கள். நீங்கள் வாசிக்கும் பாட்டின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) எவ்வளவு நேரம் இழுக்க வேண்டுமோ அவ்வளவு இழுக்கும் இடத்தில் நிறுத்தி, சற்றே குறையுங்கள். சரியா என்று பார்க்க எளிய வழி: ஈ மைனர் கார்டை ஆறு கம்பியிலும் மெதுவாக வருடுங்கள். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். கிட்டார் வால்யூமை 5-க்கு இறக்கினால் டிஸ்டார்ஷன் தெளிய வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் கெயின் அதிகம். பல ஆம்ப்களில் கெயின் குமிழின் மேல் ஒரு சிறு கெபாசிட்டர் இருக்கும். கெயினை இறக்கும்போது அது உச்ச ஒலியை மட்டும் குறையவிடாமல் காக்கும். ஒலி கூர்மையானால் திரும்பக் கெயினை ஏற்றாதீர்கள், ட்ரெபிளை இறக்குங்கள்.

அடி ஒலியை முன்னால் வெட்டுங்கள், பின்னால் சேருங்கள்

நல்ல ஹை-கெயின் ஒலியின் சூட்சுமம் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது. டிஸ்டார்ஷனுக்குள் நுழையும்போது அடி ஒலி குறைவாக இருக்க வேண்டும். வெளியே வந்தபிறகு வேண்டியதைச் சேர்க்கலாம். அடி ஒலியோடு சீவினால் கிடைப்பது கொழகொழப்பு, அதைப் பின்னால், அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவாலும் பிரித்தெடுக்க முடியாது.

மார்ஷல் வகையில் டோன் குமிழ்கள் கெயின் கட்டங்களுக்குப் பின்னால் இருக்கின்றன. எனவே பேஸ் குமிழ், டிஸ்டார்ஷன் முடிந்தபிறகே வேலை செய்கிறது. முன்னால் வெட்டுவதற்கு ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் ஒன்று போதும். அதன் சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைப் படிப்படியாகக் குறைத்துப் பெருக்குகிறது. டிரைவ் பூஜ்யம், லெவல் முழுக்க அல்லது முக்கால், டோன் 12 மணி. ஆம்பின் கெயினைப் பெடல் இல்லாதபோது இருந்ததைவிடக் குறையுங்கள். உள்ளங்கை வைத்து அடிக்கும் பாம் மியூட் இறுகுவது முதல் அடியிலேயே தெரியும்.

மெசா பூகி மார்க் வரிசை இதற்கு நேர்மாறு. அங்கே டோன் குமிழ்கள் கெயினுக்கு முன்னால். பேஸை 5-இல் வைத்தாலே லீட் சேனல் சேறாகிவிடும். பேஸ் 1 முதல் 2, ட்ரெபிள் 7 அல்லது 8 என்று வைத்துவிட்டு, ஐந்து பட்டை கிராஃபிக் ஈக்யூவில் 80 ஹெர்ட்ஸை ஏற்றி, 750-ஐ இறக்கி, 6600-ஐக் கொஞ்சம் ஏற்றுவதுதான் அந்த ஆம்பின் இயல்பு. மார்ஷல் செட்டிங்கை அப்படியே மெசாவில் வைத்துவிட்டு "இதில் ஒன்றுமே இல்லை" என்று விற்றவர்கள் உண்டு. வருத்தமான விஷயம்.

சேனல் மாறும்போது

டோன் குமிழ்கள் பொதுவாக இருக்கும் ஆம்பில் லீடுக்கு முதலில் செட் செய்யுங்கள். பிறகு கிளீனுக்கு மாறி, அங்கே கெயின், வால்யூம் இரண்டை மட்டும் வைத்துச் சமாளியுங்கள். கிளீன் கூர்மையாக இருந்தால் கிட்டாரின் டோன் குமிழை ஒரு புள்ளி இறக்கினால் போதும். இரண்டு சேனலின் சத்தத்தையும் தனியாக ஒப்பிடாதீர்கள். டிஸ்டார்ஷன் தனியாகக் கேட்டால் பெரிதாகத் தெரியும், பேண்டில் கிளீனின் உச்சங்களே மேலே வரும்.

சோலோவுக்குச் சத்தம் கூட வேண்டுமென்றால் பூஸ்ட் பெடலை எஃபெக்ட்ஸ் லூப்பில், அதாவது ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் பெடல் இணைக்கும் இடத்தில், போடுங்கள். ஆம்புக்கு முன்னால் போட்டால் டிஸ்டார்ஷன்தான் கூடும், சத்தம் கூடாது. ஏற்கெனவே சீவப்பட்ட அலை அல்லவா. டிலே, ரிவர்ப் இரண்டும் லூப்பில். வா-வா பெடலும் ஓவர்டிரைவ் பெடலும் ஆம்புக்கு முன்னால்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

சத்தம் திடீரென்று குறைந்து, மெலிந்து, தட்டினால் திரும்பி வருகிறதா? வால்வை மாற்றக் கிளம்புவதற்கு முன் எஃபெக்ட்ஸ் லூப்பின் சென்ட், ரிட்டர்ன் இரண்டையும் ஒரு சிறு பேட்ச் கேபிளால் இணைத்துப் பாருங்கள். சத்தம் முழுசாகத் திரும்பிவிட்டால் குற்றவாளி ரிட்டர்ன் ஜாக்கினுள் இருக்கும் சுவிட்ச் தகடு. எதுவும் செருகாதபோது சிக்னல் அந்தத் தகடு வழியாகத்தான் போகிறது. வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் களிம்பேறிவிடும். கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். கான்டாக்ட் கிளீனரை ஜாக்கில் தெளித்து, பிளக்கைப் பத்து முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

கெயின் ஏற்றினால் மட்டும் ஊளை வருகிறதென்றால், கிட்டார் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். ஊளை நின்றால் பிக்கப் சம்பந்தப்பட்டது. நிற்காவிட்டால் ஒரு வால்வு மைக்போல் அதிர்வைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. பின்பக்க வலை வழியே ப்ரீஆம்ப் வால்வுகளை எட்ட முடிந்தால், ஒரு மரக்குச்சியால் ஒவ்வொன்றையும் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல வால்வு லேசாக 'டப்' என்னும். கெட்டது 'டிங்ங்' என்று மணிபோல் ஒலித்து ஊளையில் போய் முடியும். கிட்டார் ஜாக்கிற்கு மிக அருகில் இருக்கும் முதல் வால்வில் தொடங்குங்கள். அதில் எழும் சத்தம்தான் பின்னால் இருக்கும் எல்லாக் கட்டத்தாலும் பெருக்கப்படுகிறது. புது 12ஏஎக்ஸ்7 ஒன்றை அந்த இடத்தில் மட்டும் போட்டாலே பல ஆம்ப்கள் அமைதியாகிவிடும். பவர் வால்வான ஈஎல்34-இன் உள் தகடு சிவந்து ஒளிர்ந்தால் உடனே அணைத்துவிடுங்கள். பவர் வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் பயஸ் போயிருக்கலாம். உள்ளே 450 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். சேஸிஸைத் திறப்பது டெக்னீஷியன் வேலை.

ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை வாசிக்கக் கூடாது. லோட் இல்லாதபோது அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வோல்ட்டேஜ் எகிறி உள்ளே தீப்பொறி பாயும். இன்சுலேஷன் போனால் டிரான்ஸ்பார்மரே போச்சு. 16 ஓம் கேபினெட் ஒன்று என்றால் ஆம்பின் ஓம் செலக்டர் 16-இல். இரண்டு என்றால் 8-இல். கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடுவதும் இதே ஆபத்துதான். 8 ஓமில் 100 வாட் என்றால் 3.5 ஆம்பியர் ஓடுகிறது. உள்ளே தலைமுடிபோல் இருக்கும் கம்பி சூடேறி அறுந்தால் அந்த நொடியே லோட் இல்லை. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்பை நம் 230 வோல்ட்டில் நேரே செருகாதீர்கள். பின்பக்கம் எழுதியிருக்கும் வாட் அளவைத் தாராளமாகத் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஹம் வருகிறதென்று எர்த் பின்னை உடைப்பது உயிரோடு விளையாடுவது. கை கிட்டார் கம்பியில், வாய் மைக்கில் இருக்கும்போது நடுவில் நிற்பது நீங்கள்தான்.

காதையும் கணக்கில் சேருங்கள். செலஷன் வின்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபல். வேலையிடங்களுக்காக அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு வகுத்த பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம்; ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்; 100 டெசிபலில் 15 நிமிடம்தான். அதனால் காதடைப்பான் போட்டு வாசியுங்கள். ஆனால் மருந்துக்கடைப் பஞ்சு அடைப்பான் உச்ச ஒலியை அதிகமாக வெட்டும்; அதைப் போட்டுக்கொண்டு டோன் செட் செய்தால் ட்ரெபிளும் ப்ரெசன்ஸும் தானாக மேலே ஏறிவிடும். எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர் வகை அடைப்பான் வாங்குங்கள். கிட்டார் பையிலேயே கிடக்கட்டும்.