இரண்டு குருவிக்கு ஒரு அஸ்ஸாரியோன்

மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள் விற்கிறார்கள். மாற்கு நற்செய்தியில் ஏழை விதவை ஒருத்தி இரண்டு காசு காணிக்கை போடுகிறாள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டும் ‘காசு’தான். கிரேக்க மூலத்திலோ குருவியின் விலை அஸ்ஸாரியோன். விதவை போட்டது லெப்டோன். ஒரு அஸ்ஸாரியோனுக்கு எட்டு லெப்டோன்!

எட்டு என்று எப்படித் தெரியும்? மாற்குவே வழி காட்டுகிறார். இரண்டு லெப்டோன் சேர்ந்தால் ஒரு ‘கொத்ராந்தேஸ்’ என்கிறார். இது ‘குவாத்ரான்ஸ்’ என்ற லத்தீன் சொல். கால் பங்கு என்று பொருள். எதில் கால்? ‘அஸ்’ என்ற ரோமானியக் காசில். தமிழில் இந்தக் கொத்ராந்தேஸைத் ‘துட்டு’ என்று பெயர்த்திருக்கிறார்கள். டச்சுக்காரர்களின் காசுப் பெயரிலிருந்து வந்த சொல் அது. அந்நியக் காசுக்கு இன்னொரு அந்நியக் காசு, எவ்வளவு பொருத்தம்!

அந்த அஸ்தான் கிரேக்கர் வாயில் அஸ்ஸாரியோன் ஆனது. லத்தீனிலேயே ‘அஸ்ஸாரியுஸ்’ என்றொரு வடிவம் உண்டு. கிரேக்கத்தில் ‘அரியோன்’ சிறுமையைக் காட்டும் விகுதி என்பதால், கேட்பவர் காதில் ‘குட்டி அஸ்’ என்றே விழுந்திருக்கும். சரி, கணக்குக்கு வருவோம். அஸ்ஸில் கால் கொத்ராந்தேஸ், அதில் பாதி லெப்டோன். ஆக, எட்டில் ஒன்று. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும், மிகச் சிறிய காசான பெருதா ‘இத்தாலிய இஸ்ஸாரில்’ எட்டில் ஒரு பங்கு என்கிறது. இஸ்ஸார் என்பது அதே அஸ்ஸாரியோன்தான்.

‘இத்தாலிய’ என்று ஏன் அழுத்திச் சொல்ல வேண்டும்? ரோமப் பேரரசின் கிழக்கு நகரங்கள் தாமே செம்பு, வெண்கலக் காசு அடித்தன. கியோஸ் தீவுக் காசுகளில் ‘அஸ்ஸாரியோன்’ என்ற பெயரே பொறித்திருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தால் மதிப்பும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால்தான் சிரியாவின் பல்மைரா நகரத்துச் சுங்கக் கல்வெட்டும் (கி.பி. 137) வரியை இத்தாலிய அஸ்ஸாரியோனில் கணக்கிடச் சொல்கிறது.

பதினாறு அஸ் சேர்ந்தால் ஒரு தெனாரியம் என்ற ரோமானிய வெள்ளிக் காசு. திராட்சைத் தோட்டக் கூலியாளின் ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம் என்கிறது மத்தேயுவின் உவமை. பன்னிரண்டு மணி நேர வேலை என்று வைத்தால், 45 நிமிட உழைப்புக்கு இரண்டு குருவி.

லூக்காவில் விலை சற்று மாறுகிறது: இரண்டு அஸ்ஸாரியோனுக்கு ஐந்து குருவி. நான்குதானே கிடைக்க வேண்டும்? ஐந்தாவது கொசுறு. அதற்கென்று ஒரு லெப்டோன்கூட விலை இல்லை. அவற்றில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்று இயேசு சொல்வது இந்தக் கணக்கை ஒட்டித்தான்.