கறுப்பின எதிர்காலியம்

ஆப்ரோஃபியூச்சரிசம் என்ற கலை, இலக்கியப் போக்கை ‘ஆப்பிரிக்க எதிர்காலவியல்’ என்று எழுதுவதை இன்னும் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வது? டொராண்டோவில் வாழும் கானா வம்சாவளிச் சிற்பி எக்கோ நிமாகோவைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் அவர் ‘எதிர்காலவியல் சிற்பி’ ஆகிவிடுகிறார்.

சொல் பிறந்த கதை சிறியது. 1993இல் அமெரிக்க விமர்சகர் மார்க் டெரி ஒரு கட்டுரையில் ஆக்கியது. அறிவியல் புனைவு, தொழில்நுட்பம் இவற்றின் வழியே அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்வைப் பேசும் படைப்புகளுக்கு அவர் வைத்த பெயர். பெயர் வருவதற்குப் பல காலம் முன்பே, சனிக்கிரகத்திலிருந்து வந்தவன் நான் என்று சொல்லிக்கொண்டு அமெரிக்க இசைக்கலைஞர் சன் ரா ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தார்.

இப்போது ‘இயல்’. உயிரியல், உளவியல், பொருளியல் எல்லாம் துறைகள். எதிர்காலவியலும் அப்படித்தான்: மக்கள்தொகையும் எரிபொருளும் நாளை என்னவாகும் என்று கணக்குப் போடும் துறை. நிமாகோ என்ன கணக்குப் போட்டார்? ‘கும்பி சாலே 3020’ என்ற அவருடைய 2019ஆம் ஆண்டுப் படைப்பில் சுமார் 1,00,000 லெகோ விளையாட்டுத் துண்டுகள், அத்தனையும் கறுப்பு. கும்பி சாலே, பழைய கானா பேரரசின் தலைநகர் என்று கருதப்படும் ஊர். இன்றைய கானா நாட்டில் அல்ல, மொரித்தேனியாவில் இடிபாடாகக் கிடக்கிறது. அந்த ஊர் அழியாமல் வளர்ந்துகொண்டே வந்தால் 3020ஆம் ஆண்டில் எப்படி இருக்கும் என்று கட்டிப் பார்த்திருக்கிறார். இது கற்பனை; ஆரூடம் இல்லை.

சிலர் ‘எதிர்காலவாதம்’ என்கிறார்கள். அது இன்னும் மோசம். அந்தப் பெயர் 1909இல் இத்தாலியில் கவிஞர் மரினெட்டி தொடங்கிய ஃபியூச்சரிசம் என்ற கலை இயக்கத்துக்குப் போய்விட்டது. அருங்காட்சியகங்களையும் நூலகங்களையும் அழிப்போம் என்று அறிக்கை விட்டவர்கள் அவர்கள். புதைந்த மரபைத் தோண்டி எடுத்து, அதையும் டொராண்டோ ஆகா கான் அருங்காட்சியகத்தில் வைத்த ஒரு கலைஞரின் நெற்றியில் அந்தப் பெயரையா ஒட்டுவது?

பெண்ணியம், மார்க்சியம், தலித்தியம் என்று நம்மிடம் ‘இயம்’ இருக்கிறது. எதிர்காலியம் என்றால் என்ன குறைச்சல்? காதுக்குப் புதிது என்பார்கள். பெண்ணியமும் ஒரு காலத்தில் புதிதுதான்.

முன்னால் வரும் ‘ஆப்பிரிக்க’வும் தவறு. நைஜீரிய அமெரிக்க எழுத்தாளர் நெடி ஒகோராஃபோர், தன் எழுத்தின் மையம் அமெரிக்கா அல்ல, ஆப்பிரிக்க மண்தான் என்று காட்டவே ‘ஆப்பிரிக்கன்ஃபியூச்சரிசம்’ என்று வேறொரு சொல்லை ஆக்கினார். ஆப்பிரிக்க எதிர்காலியம் அதற்கு வேண்டும். கடல் கடந்த மக்களையும் சேர்த்துக்கொள்ளும் ஆப்ரோஃபியூச்சரிசம் என்ற பழைய சொல்லுக்குக் கறுப்பின எதிர்காலியம் பொருந்தும். இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால், அந்த அம்மையார் எதற்காக மல்லுக்கட்டினார் என்றே தமிழில் எழுத முடியாது.

இதே குறிப்புகளில் வரும் ‘கறுப்புச் செங்கற்கள்’ வேறு. சிவந்த கல் செங்கல். அது எப்படி ஐயா கறுப்பாகும்? ‘பிரிக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை அள்ளிப் போட்டால் இப்படித்தான். நிமாகோ கையாள்வது சூளையில் சுட்ட மண் அல்ல, வார்த்த பிளாஸ்டிக். லெகோ என்பதே ‘நன்றாக விளையாடு’ என்ற டேனிஷ் தொடரைச் சுருக்கியது. வீட்டில் பிள்ளைகளைக் கேட்டால் பிளாக் என்பார்கள், கட்டை என்பார்கள். லெகோ கட்டை என்று எழுதுங்கள், போதும்.