அடுக்குப் படிகத்தை விளிம்பிலிருந்து அழுத்தினால்

கிராஃபைட்டின் ஒரு தளத்துக்குள் கார்பன் அணுக்கள் 0.142 நானோமீட்டர் இடைவெளியில் இறுகப் பிணைந்திருக்கின்றன. அடுத்த தளமோ 0.335 நானோமீட்டர் தள்ளி, லேசான ஈர்ப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தளவாக்கில் அதன் விறைப்பு 1,000 கிகாபாஸ்கலைத் தாண்டும். தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதற்கான விறைப்பு 5 கிகாபாஸ்கல் அளவுதான். இத்தகைய படிகத்தை வளைத்தால் உள்ளே என்ன நடக்கும் என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

செம்புக் கம்பி உடையாமல் வளைவதற்குக் காரணம், டிஸ்லொகேஷன் எனப்படும் கோட்டுக் குறைபாடுகள் அதற்குள் பல திசைகளில் நகர்வதே. கிராஃபைட்டிலும், அதைப் போலவே அடுக்கடுக்கான மைக்கா என்ற கனிமத்திலும் அவை எளிதாக நகர்வது தளங்களுக்கு இடையில் மட்டுமே. விளிம்பிலிருந்து நேராக அழுத்தும்போது தளங்களை வழுக்கவைக்கும் விசை கிட்டத்தட்ட இல்லை. அதனால் அடுக்குகள் மொத்தமாகப் புடைத்து, ஒரு குறுகிய பட்டையாக மடிகின்றன. இந்தக் 'கிங்க்' பட்டையை 1942-ல் காட்மியம் படிகத்தில் இயற்பியலாளர் ஒரோவன் விவரித்தார்.

மடிப்பு விழுவதற்கு முந்தைய கட்டம்தான் எனக்கு அதிகச் சுவாரசியமானது. ஒரு சீட்டுக்கட்டை இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே இறுக்கி, விளிம்பில் பேனா முனையால் தள்ளுங்கள். சீட்டுகள் சேர்ந்து அலையாக நெளியும், விட்டதும் நேராகும். 2015-ல் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற அடுக்குப் படிகத்தில் இதே நெளிவைக் கண்ட ஆய்வாளர்கள் அதற்கு 'ரிப்ளொகேஷன்' என்று பெயரிட்டார்கள். தளத்துக்குள் ஒரு பிணைப்பும் அறுவதில்லை. ஒரே குறியுள்ள டிஸ்லொகேஷன்கள் ஒன்றையொன்று விலக்கும். ரிப்ளொகேஷன்களோ ஒன்றுசேர்ந்து பெரிதாகும்.

கையில் பார்க்க மைக்கா போதும். பவர் டிரான்சிஸ்டருக்கு அடியில் வைக்கும் மைக்கா வாஷரைச் சிங்கப்பூரின் சிம் லிம் டவர் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அது 0.05 மில்லிமீட்டர் தடிமன் என்றால், உள்ளே ஏறத்தாழ 50,000 அடுக்குகள். மேசை விளக்கின் கீழ் மெதுவாக வளைத்தால் பழைய நிலைக்கே திரும்பும். இன்னும் கூர்மையாக வளைத்தால் வெள்ளிக்கோடு ஒன்று விழும். அதன் ஓரத்தில் வானவில் நிறங்கள் தெரியும். அடுக்குகள் பிரிந்து, ஒளியின் அலைநீள அளவுக்குக் காற்றிடைவெளி உண்டானதன் அடையாளம் அது. கையை விட்டதும் சில நிறங்கள் மறைந்தால் அந்த இடைவெளிகள் மூடிக்கொண்டன என்று பொருள். வெள்ளிக்கோடு மட்டும் போகாது. ஓரங்கள் தோலைக் கிழிக்கும், கவனம்.

திரும்பி நிமிரும்போதும் அடுக்குகள் உரசுகின்றன, ஆற்றல் வெப்பமாகிறது. டைட்டானியம், சிலிக்கன், கார்பன் சேர்ந்த அடுக்குப் பொருளான Ti₃SiC₂-ஐ 1 கிகாபாஸ்கல் வரை அழுத்தி விட்டால் முழுதாக மீள்கிறது, ஆனால் கொடுத்த ஆற்றலில் சுமார் 25 சதவீதத்தை விழுங்கிவிடுகிறது. அதிர்வைத் தணிக்க இது நல்ல குணம்.

கிராஃபைட்டின் ஒற்றைத் தளமான கிராஃபீனை டேப்பால் உரித்தெடுப்பவர்களுக்கோ நெளிவுதான் தலைவலி. தேசியப் பல்கலைக்கழகத்தில் 2010-லேயே கிராஃபீன் ஆய்வு மையம் தொடங்கிய சிங்கப்பூரில், ஈரக்காற்றும் சேர்ந்துகொள்கிறது: கிராஃபீனை ஒட்டவைக்கும் சிலிக்கன் தகட்டில் படிந்த நீர் கிராஃபீனுக்கு அடியில் சிக்கிக் குமிழாகும். தகட்டை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் சுத்தம் செய்து, டேப்பை ஒட்டியபின் 100 டிகிரி செல்சியஸில் ஓரிரு நிமிடம் சூடாக்கி, ஆறியபின் உரிப்பது பலன் தரும். டேப்பைச் செங்குத்தாக வெடுக்கென்று இழுத்தால், அது வளையும் இடத்தில் துண்டும் கூர்மையாக வளைந்து மடிப்பு விழும். மூலப்பொருளும் முக்கியம்: உயர்தரச் செயற்கை கிராஃபைட்டில் ZYA வகையின் படிகத் துகள்கள் 0.4 டிகிரி அளவே சாய்ந்திருக்கும், ZYH வகையில் 3.5 டிகிரி. பின்னதில் துகள் எல்லைகள் நெருக்கமாக இருப்பதால், எவ்வளவு கவனமாக உரித்தாலும் துண்டுகள் சிறிதாகவே வரும்.