சொல் விளக்கம்: சீரான மின்புலம்

போன வாரம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு கணக்கோடு வந்தாள். எதிரெதிரே இரண்டு இணைத் தகடுகள். எதிர்மின் தகட்டை ஒட்டி ஒரு எலக்ட்ரான் ஓய்வில் இருக்கிறது. அது அடுத்த தகட்டைத் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்பது கேள்வி. வாய்பாடுகளை எல்லாம் தப்பில்லாமல் சொன்னாள். ஆனால் கணக்கைத் தொடங்காமல் பேனாவை வைத்துவிட்டாள். "சார், நிலையான மின்புலம்னு சொல்றாங்களே, அப்போ எலக்ட்ரானும் நிலையாத்தானே நிக்கணும்? அது ஏன் நகருது?"

அவள் பார்த்துப் படித்த காணொளியைப் போட்டுக் காட்டச் சொன்னேன். ஆங்கிலத்தில் 'யூனிஃபார்ம்' என்று வருகிற இடத்தில் எல்லாம் கீழே தமிழில் 'நிலையான மின்புலம்' என்று ஓடுகிறது. இந்தப் பிழையை நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை. பயிற்சித் தாள்களிலும் இணையப் பாடங்களிலும் ஆண்டுக்கணக்காகப் பார்த்து வருகிறேன். அந்தப் பெண் கேட்டதில் ஒரு குறையும் இல்லை. சொல் சொன்னதைத்தான் அவள் கேட்டாள். சொல்தான் தவறு.

பள்ளிப் பாடநூலில் இருக்கும் சொல் 'சீரான மின்புலம்'. மின்னூட்டம் பெற்ற துகளின் மேல் மின்விசை செயல்படும் பரப்புதான் மின்புலம். அது இடத்துக்கு இடம் மாறாமல் இருக்கிறது என்று பொருள். அந்தப் பரப்பில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் புலத்தின் அளவும் ஒன்றுதான், திசையும் ஒன்றுதான். விசைக்கோடுகளை வரைந்தால் சம இடைவெளியில், ஒன்றுக்கொன்று இணையாக ஓடும்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன்: 'ஊனுஸ்' என்றால் ஒன்று, 'ஃபோர்மா' என்றால் வடிவம். ஒரே வடிவாக இருப்பது என்பது மூலப் பொருள். நம்முடைய 'சீர்' பழைய சொல். "சமன்செய்து சீர்தூக்குங் கோல்" என்று 118ஆம் குறளில் துலாக்கோலோடு வருகிறது. யாப்பில் அசைகள் சேர்ந்து சீர், சீர்கள் சேர்ந்து அடி. அளவு, ஒழுங்கு, ஏற்றத்தாழ்வு இல்லாமை என்ற பொருள்களெல்லாம் அதற்குள் உண்டு. 'புலம்' என்பதற்கு வயல் என்றே பொருள் இருக்கிறது. 85ஆம் குறளில் விருந்தோம்புகிறவனுடைய 'புலம்' விளைநிலம்தான். 19ஆம் நூற்றாண்டில் இயற்பியலாளர் ஃபாரடே கையாண்ட 'ஃபீல்டு' என்ற ஆங்கிலச் சொல்லும் வயலைக் குறிப்பதே. இந்த இடத்தில் நம் சொல்லாக்கக்காரர்கள் மிக நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் 'சார்ஜ்' என்பதை 'மின்னூட்டம்' என்று தமிழ்நாட்டிலும் 'மின்னேற்றம்' என்று இலங்கையிலும் சொல்கிறோம். இரண்டும் நல்ல சொற்கள், அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

என் வழக்கு 'நிலையான' என்பதோடுதான்.

நிலை என்பது காலத்தைப் பற்றிய சொல். நிலையான வேலை, நிலையான வருமானம், நிலையாமை. எங்கும் 'இன்று இருப்பது நாளையும் இருக்குமா' என்ற கேள்விதான் அதற்குள் இருக்கிறது. சீர் அப்படி இல்லை. ஒன்று எதன்மேல் பரந்து கிடக்கிறதோ அதன்மேல் மேடுபள்ளம் இல்லாமல் இருக்கிறதா என்பதே சீரின் கேள்வி. மின்புலம் பரந்து கிடப்பது இடத்தில். அதனால் சீரான மின்புலம் என்றால் இடத்தில் ஏற்றத்தாழ்வு இல்லாத புலம் என்று தானாகவே பொருள்படுகிறது.

இரண்டும் வேறு வேறு என்பதற்கு ஒரு புள்ளி மின்னூட்டமே போதும். அசையாமல் ஓரிடத்தில் அதை வைத்துவிடுங்கள். சுற்றியுள்ள புலம் எத்தனை நாள் ஆனாலும் மாறாது. முழுக்க முழுக்க நிலையான புலம். ஆனால் சீரானதா? இரண்டு மடங்கு தூரம் போனால் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. திசையோ புள்ளிக்குப் புள்ளி வேறு. நிலையானது, ஆனால் சீரற்றது.

இப்போது மறுபக்கம். மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி ஆசிலாஸ்கோப். அதன் பழைய வகையில், கண்ணாடிக் குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றை இரண்டு விலக்கத் தகடுகளுக்கு நடுவே புகுந்து திரைக்குப் போகும். தகடுகளில் நாம் அளக்க வேண்டிய மின்னழுத்தத்தைக் கொடுக்கிறோம். அது ஏறும், இறங்கும், திசை மாறும். மாறுவதால்தான் திரையில் அலை எழுகிறது. எந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தாலும் தகடுகளின் நடுப்பகுதியில் புலம் எங்கும் ஒன்றுபோல் இருக்கும். சீரானது, ஆனால் நிலையானது இல்லை. 2000 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான் 2 செ.மீ. நீளத் தகட்டை ஒரு நானோநொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். அதற்குள் புலம் மாற நேரமில்லை. அதனால் ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் பயணம் முழுக்க ஒரே அளவுள்ள புலத்தையே சந்திக்கிறது; அடுத்து வருவது கொஞ்சம் வேறான அளவைச் சந்திக்கிறது. இந்தக் கருவி வேலை செய்யும் விதத்தை 'நிலையான மின்புலம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள். முதல் வரியிலேயே முட்டி நிற்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஓய்வில் இருக்கும் மின்னூட்டங்களைப் பற்றிய பாடத்துக்கு நாம் 'நிலைமின்னியல்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த இடத்தில் 'நிலை' தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதே பாடத்துக்குள் 'நிலையான மின்புலம்' என்று எழுதினால், நிலைமின்னியலில் வரும் எல்லாப் புலத்தையும் குறிக்கிறதா, அதில் ஒரு வகையை மட்டும் குறிக்கிறதா என்று படிக்கிறவர் எப்படிப் பிரித்தறிவார்?

எதிர்ச்சொல்லை எடுத்தால் தவறு இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். சீரானதற்கு எதிர் சீரற்றது. நிலையானதற்கு எதிர் நிலையற்றது. சம அளவுள்ள நேர், எதிர் மின்னூட்டங்கள் சிறு இடைவெளியில் இணைந்திருப்பது மின் இருமுனை. அதைச் சீரான புலத்தில் வைத்தால் அதைத் திருப்பும் திருப்புவிசை மட்டும் இருக்கும். நிகர விசை சுழி. சீரற்ற புலத்தில் வைத்தால் திருப்புவிசையோடு பொதுவாக நிகர விசையும் சேரும், ஏனென்றால் இரண்டு முனைகளும் வேறு வேறு அளவுள்ள புலத்தில் இருக்கின்றன. இதை 'நிலையற்ற மின்புலம்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். நிலையற்ற புலம் என்றால் தள்ளாடுகிற புலம், எப்போது விழும் என்று தெரியாத புலம். அந்தப் பாடத்தில் தள்ளாடுவது எதுவுமே இல்லை.

இதெல்லாம் எப்படி வருகிறது? ஆங்கிலத்தில் ஸ்டாட்டிக், ஸ்டெடி, கான்ஸ்டன்ட், ஸ்டேபிள் என்று நான்கு சொற்கள். நான்குக்கும் 'நிலையான' என்று எழுதிப் பழகியாகிவிட்டது. ஐந்தாவதாக யூனிஃபார்ம் வந்தபோது அதையும் அந்த வண்டியிலேயே ஏற்றிவிட்டார்கள். மொழிபெயர்க்கிறவர் வாக்கியத்தைப் பார்க்கிறார், படத்தைப் பார்ப்பதில்லை. காணொளியில் இணையான கோடுகள் கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதை ஒரு கணம் பார்த்திருந்தால் 'சீரான' என்பதைத் தவிர வேறு சொல் வாயில் வந்திருக்காது.

இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிவிடுவது இதைவிடக் கொடுமை. மின்னூட்டம் பெற்ற துகளைக் 'கட்டணம் செலுத்தப்பட்ட துகள்' என்று அச்சுத்தாளில் பார்த்திருக்கிறேன். அதே தாளில் 'சீருடை மின்சாரப் புலம்' என்றும் இருந்தது. இப்படி வந்ததைத் திருத்த ஆள் வைக்காமல் பிள்ளைகள் கையில் கொடுப்பது பெரிய அநியாயம். ஆனாலும் அந்தச் 'சீருடை'யில் நமக்கு ஒரு துப்பு கிடைக்கிறது. யூனிஃபார்ம் உடைக்கு நம்மவர்கள் சீருடை என்றுதான் பெயர் வைத்தார்கள். வரிசையில் எங்கே நிற்கும் பிள்ளையைப் பார்த்தாலும் ஒரே உடை என்பதுதானே கருத்து? நாளைக்கு நிறத்தை மாற்றினாலும், எல்லாரும் சேர்ந்து மாற்றினால் அது சீருடைதான். மின்புலத்துக்கும் இதே பொருள்தான் வேண்டும்.

அடுத்த போட்டியாளர் 'சமச்சீர் மின்புலம்'. இது எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. 2010ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்விச் சட்டத்தில் 'யூனிஃபார்ம்' என்பது 'சமச்சீர்' ஆயிற்று. சமச்சீர் கல்வி என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. கல்வி முறைக்கு அது பொருந்தும், சமம் என்ற கருத்தும் அங்கே வேண்டியிருக்கிறது. இயற்பியலில் பொருந்தாது. கணக்குப் பாடத்தில் சமச்சீர் என்பது வேறொன்றுக்கு ஏற்கெனவே உரிமையான சொல். வட்டம் சமச்சீரானது, பட்டாம்பூச்சியின் சிறகுகள் சமச்சீரானவை. மின்னூட்டம் பெற்ற கோளத்தைச் சுற்றியுள்ள புலம் கோளச் சமச்சீர் கொண்டது; ஆனால் தூரம் கூடக் கூடக் குறைகிறது, சீரானது இல்லை. மின்னூட்டத்தையும் அதன் புலத்தையும் இணைக்கும் காஸ் விதிப் பாடத்தில் இந்த இரண்டு கருத்துகளும் அடுத்தடுத்த பக்கத்தில் வருகின்றன. அங்கே ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் பாடமே குலைந்துபோகும்.

'மாறாத மின்புலம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. எதைப் பொறுத்து மாறாதது என்று சொல்லாமல் விடுவதுதான் அதன் குறை. 'ஒரே மாதிரியான' என்பது பொருளளவில் சரி. வகுப்பில் வாய்மொழியாக விளக்கும்போது நானும் அப்படித்தான் சொல்வேன். கலைச்சொல்லாக நிற்க அது நீளம்.

சீரான என்பதற்கு எதிராக நியாயமான வாதம் ஒன்று இருக்கிறது. சீரான திசைவேகம் என்கிறோம். அங்கே சீர் காலத்தைத்தானே குறிக்கிறது என்று கேட்கலாம். ஆமாம், குறிக்கிறது. திசைவேகம் நகர்கிற ஒரு பொருளுடையது, அது பரந்து கிடப்பது காலத்தில். புலம் பரந்து கிடப்பது இடத்தில். சீர் இரண்டுக்கும் ஈடுகொடுக்கிறது, எதன்மேல் என்பதைப் பக்கத்தில் உள்ள பெயர்ச்சொல் சொல்லிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லும் அப்படியேதான் இயங்குகிறது. வேண்டுமானால் 'ஒருசீர் மின்புலம்' என்று இறுக்கிச் சொல்லலாம். இலத்தீன் வேரோடு சொல்லுக்குச் சொல் பொருந்தும். எனக்குச் சீரான என்பதே போதும்.

ஒன்றை மட்டும் மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். சீரான புலம் தருவது சீரான முடுக்கம், சீரான வேகம் இல்லை. அந்த மாணவியோடு உட்கார்ந்து கணக்கை முடித்தேன். தகடுகளுக்கிடையே 2 செ.மீ., மின்னழுத்த வேறுபாடு 100 வோல்ட். வகுத்தால் புலம் மீட்டருக்கு 5000 வோல்ட். எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் விசை 8 × 10⁻¹⁶ நியூட்டன். நிறையால் வகுத்தால் முடுக்கம் 8.8 × 10¹⁴ மீட்டர்/நொடி². எங்கே இருந்தாலும் அதே புலம், அதனால் அதே விசை, அதனால் அதே முடுக்கம். இந்த 'அதனால்'கள் இரண்டும் சீரான என்ற சொல்லிலிருந்துதான் பிறக்கின்றன. சுமார் 6.7 நானோநொடியில் தகட்டைத் தொடுகிறது, அப்போது வேகம் நொடிக்கு ஏறக்குறைய 5900 கி.மீ. எலக்ட்ரானுக்குப் பதில் ஒரு புரோட்டானை நேர்மின் தகட்டிலிருந்து விட்டால் விசை அதே அளவுதான், நிறை மட்டும் 1836 மடங்கு. எதிர்ப்பக்கம் போய்ச் சேர 290 நானோநொடி ஆகும்.

பக்கவாட்டில் நுழைகிற எலக்ட்ரான் பரவளையத்தில் வளைவதும் இதனால்தான். கிடைமட்டமாக எறிந்த கல்லைப் போல. தரைக்கு அருகே ஈர்ப்புப் புலமும் சீரானது, அதனால் இரண்டு பாதைக்கும் ஒரே கணிதம். 1897இல் இயற்பியலாளர் ஜே. ஜே. தாம்சன் கேத்தோடு கதிர்களை, அதாவது எலக்ட்ரான் கற்றையை, இணைத் தகடுகளுக்கு நடுவே செலுத்தி வளைத்துப் பார்த்தபோதும் இதே கணிதம்தான் கைகொடுத்தது. தகட்டின் விளிம்பில் மட்டும் கோடுகள் வெளிப்புறமாகப் புடைக்கும். அங்கே புலம் சீரற்றது, கணக்கில் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கிளம்பும்போது அவள் மறுபடி கேட்டாள். "அப்போ தகட்டுக்கு நடுவுல எதுவுமே நிலையா நிக்காதா சார்?" நிற்கும். 1909இல் சிகாகோவில் இயற்பியலாளர் மில்லிகன் எண்ணெய்த் துளிகளை அப்படித்தான் நிறுத்தினார். மின்னூட்டம் பெற்ற துளியைக் கீழே இழுக்கும் எடையும் மேலே தூக்கும் மின்விசையும் சமமானால் துளி அந்தரத்தில் தொங்கும். தகடுகளுக்கு நடுவே துளி எந்த உயரத்தில் இருந்தாலும் அதே மின்விசை கிடைக்க, புலம் சீராக இருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க அந்த விசை மாறாதிருக்க, புலம் நிலையாகவும் இருக்க வேண்டும். அவள் ஏட்டில் இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து எழுதிக்கொண்டாள். ஒன்றன்கீழ் 'இடம்' என்றும் மற்றதன்கீழ் 'காலம்' என்றும் சிறிதாகக் குறித்துக்கொண்டாள்.