கண் கூசினால் எந்தக் கண்ணாடி?

"ஒற்றைத் தலைவலி வரும் நாட்களில் சமையலறை ட்யூப்லைட்டைக்கூடப் பார்க்க முடிவதில்லை. வீட்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நடமாடுகிறேன். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். நான் செய்வது சரியா?" என்று ஈரோட்டு வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கேலி செய்பவர்களை விட்டுத்தள்ளுங்கள். வலி உண்மையானது. ஆனால் அந்தக் கருப்புக் கண்ணாடியை வீட்டுக்குள் கழற்றிவிடுவதுதான் நல்லது. காரணம், பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும், விழித்திரையின் குச்சி செல்களில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதையும், இருட்டில் மீண்டும் சேரும். அரை மணி நேரம் இருட்டில் இருந்தால் கண்ணின் உணர்திறன் பல்லாயிரம் மடங்கு கூடிவிடும். நாள் முழுவதும் கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கண்ணும் இருட்டுக்குப் பழகிவிடுகிறது. கழற்றிய உடனே முன்பைவிட மோசமாகக் கூசும். உடனே மீண்டும் மாட்டிக்கொள்வோம். அதிலிருந்து வெளியே வருவது கடினம்.

ஆகவே வெளிச்சத்தை எவ்வளவு குறைப்பது என்று கேட்பதைவிட, அதில் எந்த நிறத்தைக் குறைப்பது என்று கேட்பதே பயன் தரும். இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த கதை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அது ஒரு தவளையின் தோலில் தொடங்குகிறது.

ஆப்பிரிக்க நகத்தவளையின் தோலில் உள்ள நிறமிச் செல்கள் வெளிச்சம் பட்டால் தாமாகவே மாறுகின்றன. மூளை உத்தரவிடத் தேவையில்லை. அந்தச் செல்களுக்கு வெளிச்சத்தை உணர்த்துவது எது என்று தேடிய இக்னேசியோ ப்ரொவென்சியோவும் சகாக்களும் 1998இல் மெலனாப்சின் என்ற புரதத்தைக் கண்டெடுத்தார்கள். 2000இல் அதே புரதம் மனித விழித்திரையிலும் இருப்பது தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அது குச்சி செல்களிலும் இல்லை, நிறங்களைக் காட்டும் கூம்பு செல்களிலும் இல்லை. செய்தியை மூளைக்குக் கடத்துவது மட்டுமே வேலை என்று பாடநூல்கள் சொல்லிவந்த நரம்பணுச் செல்களில், அதிலும் மிகச் சிலவற்றில் மட்டும் இருந்தது. 2002இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பெர்சன் குழு, குச்சி, கூம்பு செல்களின் தொடர்பைத் துண்டித்த பிறகும் இந்தச் செல்கள் வெளிச்சத்துக்குத் துடிப்பதைக் காட்டியது. நூறாண்டுக்கும் மேலாக நுண்ணோக்கியில் பார்த்துவந்த விழித்திரையில் மூன்றாவது வகை ஒளியுணர்வி ஒன்று ஒளிந்திருந்திருக்கிறது!

இந்தச் செல்களுக்குப் படம் வரைவதில் அக்கறை இல்லை. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று பேரேட்டில் எழுதிக்கொண்டே இருக்கும் கணக்குப்பிள்ளைகள் அவை. அந்தக் கணக்கைக் கொண்டுதான் கண்மணி சுருங்குகிறது, உடலின் பகல்-இரவுக் கடிகாரம் ஓடுகிறது. அவை மிக அதிகமாகத் துடிப்பது சுமார் 480 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கு. அது வானத்தின் நீலத்துக்கு நெருங்கிய நிறம்.

சரி, தலைவலி எங்கே வருகிறது? ஹார்வர்டில் ராமி பர்ஸ்டீன் குழு, மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி உள்ள பார்வையற்றவர்கள் 20 பேரை ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டது. கண்ணையோ பார்வை நரம்பையோ முற்றிலும் இழந்திருந்த 6 பேருக்கு வெளிச்சத்தால் வலி கூடவில்லை. மற்ற 14 பேருக்கு உருவங்கள் சரியாகத் தெரியாவிட்டாலும் வெளிச்சம் இருப்பதை உணர முடிந்தது. அவர்களுக்கு வலி கூடியது. பிறகு எலிகளில் நரம்பு இழைகளைத் தொடர்ந்து போனார்கள். மெலனாப்சின் செல்களின் இழைகள் மூளையின் தலாமஸ் பகுதிக்குச் சென்று, மூளையுறையின் வலிச் செய்தியைச் சுமக்கும் அதே நரம்பணுக்களைத் தொட்டுக்கொண்டிருந்தன. வலியும் வெளிச்சமும் ஒரே செல்லில் சந்திக்கின்றன. ஏற்கெனவே துடித்துக்கொண்டிருக்கும் அந்தச் செல், விளக்கைப் போட்டதும் இன்னும் வேகமாகத் துடிக்கிறது. "லைட்டை அணையுங்கள், மண்டை வெடிக்கிறது" என்று கத்துபவர் நடிக்கவில்லை.

தவளைத் தோல் ஏன் நிறம் மாறுகிறது என்று ஆராயப் பணம் கேட்டால், நம் ஊர் நிதிக் குழுக்கள் என்ன சொல்லும்? "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லும். 1998இல் அந்தக் கட்டத்தில் 'தலைவலி' என்று எழுத யாருக்குத் தோன்றியிருக்கும்? பயனை முன்கூட்டியே எழுதச் சொல்லும் படிவம் இருக்கும்வரை இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகள் இங்கே நடப்பது அரிது என்பது என் கருத்து.

கண்ணாடிக்கு வருவோம். மெலனாப்சின் மனிதக் கண்ணில் இருப்பது தெரிவதற்கு முன்பே, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் எஃப்.எல்-41 என்ற ரோஜா நிறச் சாயத்தைச் சோதித்திருந்தார்கள். நீலமும் நீலப்பச்சையும் கலந்த பகுதியை, அதாவது ஏறத்தாழ அந்த 480ஐச் சுற்றியுள்ள ஒளியை, இது வடிகட்டுகிறது. 1991இல் வெளியான அந்த ஆய்வில் மைக்ரேன் உள்ள 20 குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு இந்தக் கண்ணாடியும் மறு பிரிவுக்கு நீலக் கண்ணாடியும் கொடுத்தார்கள். முதல் மாதம் இரு பிரிவுக்கும் குணம் தெரிந்தது. நான்கு மாத முடிவில் ரோஜா நிறப் பிரிவில் மட்டுமே அது நிலைத்தது: மாதத்துக்குச் சராசரியாக 6.2 முறை வந்த தலைவலி 1.6 ஆகக் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான். அதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். மேலும், பர்ஸ்டீன் குழுவே 2016இல் சிவப்பும் மஞ்சளும்கூட வலியைக் கூட்டுவதையும், குறுகிய அலைநீளப் பட்டையிலுள்ள பச்சை ஒளி மட்டும் குறைவாகத் தொந்தரவு செய்வதையும் கண்டது. கூம்பு செல்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குள் அணிய, கருப்பைவிட இந்த ரோஜா நிறத்துக்கே என் ஓட்டு.

கணினிக்கென்று விற்கும் 'ப்ளூ கட்' கண்ணாடியும் இதுவும் ஒன்றல்ல. அவை பெரும்பாலும் நீலத்தில் கால்பங்குக்கு மேல் தடுப்பதில்லை. கண் அசதியைக் குறைப்பதிலும் சாதாரணக் கண்ணாடியைவிட அவை மேலானவை அல்ல என்றே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 சோதனைகளை வைத்து 2023இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்தப் பணத்தில் வீட்டிலுள்ள பழைய சோக்கை மாற்றலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் பூட்டிய ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. உயர் அதிர்வெண் சோக்குக்கு மாற்றிய அலுவலகங்களில் தலைவலியும் கண் அசதியும் பாதிக்கும் கீழே இறங்கியதை 1989இலேயே காட்டிவிட்டார்கள்.

வெயிலில் போகும்போது கருப்புக் கண்ணாடி தாராளமாகப் போடலாம். புற ஊதாத் தடுப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். நிறம் அடர்த்தியாக இருப்பது அதற்கு அத்தாட்சி அல்ல. வெறும் கருப்பு பிளாஸ்டிக்கின் பின்னால் கண்மணி விரிந்து, அதிகப் புற ஊதா உள்ளே போகவும் கூடும். வகை 3 என்று குறித்திருந்தால் 8 முதல் 18 சதவீத வெளிச்சம்தான் உள்ளே வரும், நம் வெயிலுக்கு அது போதும். அதைவிடக் கருப்பான வகை 4ஐ அணிந்து வண்டி ஓட்டக் கூடாது.

'மெட்ராஸ் ஐ' வந்தவரைப் பார்த்தாலே தொற்றிக்கொள்ளும், கருப்புக் கண்ணாடி போட்டால் பரவாது என்ற நம்பிக்கை மட்டும் ஏனோ சாகவே மாட்டேன் என்கிறது. வைரஸ் பார்வையில் பயணம் செய்வதில்லை. கையிலும் துண்டிலும்தான் பயணம் செய்கிறது. கண்ணாடி நோயாளியின் கண் கூச்சத்துக்கு மட்டுமே.

திடீரெனத் தொடங்கிய கூச்சத்தோடு கண் சிவந்து வலித்தால், அல்லது பார்வை மங்கினால், அது கண்ணின் முன்புறம் உள்ள கார்னியா என்ற ஒளிபுகும் படலத்திலோ, அதற்கு உள்ளே கண்மணியைச் சுற்றியிருக்கும் ஐரிஸிலோ ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம். அங்கே வலி வருவது வேறு வழியில்: கண்ணுக்குள் இருக்கும் வீங்கிய தசை வெளிச்சத்துக்குச் சுருங்கும்போதெல்லாம் வலிக்கிறது. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்துகொண்டால் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.