சுவர் பெயிண்ட் மேட்டா, சாட்டினா? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

மேட் பெயிண்ட் அடித்த சுவரில் கன்னம் ஒட்டுகிற அளவுக்கு முகத்தை வைத்து, கோடியில் இருக்கும் ஜன்னல் பக்கம் பாருங்கள். பளபளப்பே கிடையாது என்று நினைத்த சுவர் லேசாக மினுங்கும்.

பெயிண்டில் முக்கியமானவை இரண்டு. ஒன்று தூள்: வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, கூடவே சுண்ணாம்புக்கல் தூள் மாதிரி சில நிரப்பிகள். இன்னொன்று அந்தத் தூளைச் சுவரோடு பிடித்து வைக்கும் பிசின். பிசின் தாராளமாக இருந்தால் காய்ந்த பிறகு தூளையெல்லாம் மூடி மேலே வழவழவென்று ஒரு படலம் நிற்கும், வெளிச்சம் அதில் பட்டு ஒரே பக்கமாகத் திரும்பும், அதுதான் கிளாஸ். தூள் கூடிப் பிசின் குறைந்தால் துகள்கள் மேலே துருத்திக்கொண்டு நிற்கும், வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், அது மேட். எக்ஷெல், சாட்டின், செமி கிளாஸ் எல்லாம் நடுவில் இருக்கும் படிகள். இந்தப் பெயர்களுக்கு எல்லாக் கம்பெனிகளும் பின்பற்றும் பொதுவான அளவு கிடையாது, ஒரு கம்பெனியின் சாட்டின் இன்னொரு கம்பெனியின் எக்ஷெல் அளவுக்குத்தான் மினுங்கலாம்.

சரி, சுவர் ஏன் ஓரத்திலிருந்து பார்த்தால் மட்டும் மினுங்குகிறது? வழவழப்பான பெயிண்ட் படலத்தின் மேல் வெளிச்சம் நேராக விழுந்தால் ஏறக்குறைய 4 சதவீதம்தான் மேற்பரப்பிலேயே திரும்புகிறது. 60 டிகிரி சாய்ந்து வந்தால் 9. சுவரை உரசுகிற மாதிரி 85 டிகிரியில் வந்தால் 60 சதவீதத்தைத் தாண்டிவிடும். மேட் சுவரில் இது குறைவுதான், ஆனாலும் போக்கு இதேதான். போதாததற்கு, சுவர் 1 டிகிரி சாய்ந்திருந்தால் திரும்பும் கதிர் 2 டிகிரி விலகும், அதனால் பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பூசுவது) சரியாகத் தேய்க்காத இடமெல்லாம் கிளாஸ் அடித்ததும் அலை அலையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் எந்த அறை என்பதைவிட வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இருட்டியதும் ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள், மேடு பள்ளம் நிழலோடு எழுந்து நிற்கும். அப்படி நின்றால், பக்கவாட்டில் ஜன்னல் இருக்கும் நீளச் சுவருக்கும் கூரைக்கும் மேட்தான், யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் மேட் பெயிண்டில் அழுக்கு அந்தத் துகள்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தித் தேய்த்தால் துகள்களின் முனை மழுங்கி அந்த இடம் மட்டும் பளபளக்கும். சுவிட்ச் போர்டைச் சுற்றி இதை நிறையப் பார்க்கலாம். குழந்தைகள் கை வைக்கும் உயரம், சமையலறை, குளியலறைக்கெல்லாம் சாட்டின் அல்லது செமி கிளாஸ், பட்டி வேலைக்குக் கூடுதலாக ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. அப்புறம், பின்னால் கீறல் விழுந்த இடத்தில் மட்டும் தொட்டு அடிப்பது மேட் பெயிண்டில் ஓரளவு ஒத்துப்போகும், சாட்டினில் திட்டாகத் தெரியும். அங்கே மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் அடித்துவிடுவதுதான் வழி.