பின் ஆக்சில் கொஞ்சம் பின்தங்கட்டும்

ரிமோட்டில் இயங்கும், பாறை ஏறும் ஆர்சி பொம்மை வண்டியை ஓட்டிப் பார்த்த எல்லோருக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான். வண்டி பாதிப் பாறை ஏறியிருக்கும். பின்பக்கம் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். த்ராட்டிலை அழுத்தினால் தொங்குகிற சக்கரம் பம்பரமாகச் சுற்றும். பாறையில் நன்றாக ஊன்றி நிற்கிற சக்கரமோ அசையாது. மோட்டாருக்குப் பலம் போதவில்லை என்று நினைத்து அடுத்த வாரமே பெரிய மோட்டார் வாங்கிப் போடுவோம். அதுவும் அப்படியேதான் நிற்கும்.

கோளாறு மோட்டாரில் இல்லை, பின் ஆக்சிலின், அதாவது பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சின், வயிற்றுக்குள் இருக்கிறது. அங்கே டிஃபரன்ஷியல் என்ற சின்னப் பல்சக்கரக் கூட்டம் ஒன்று உண்டு. வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும் என்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கிறது. வேகத்தில் இவ்வளவு தாராளம். ஆனால் முறுக்கு விசையை மட்டும் அது எப்போதும் சரிபாதியாகத்தான் பிரிக்கும். அந்தரத்தில் தொங்குகிற சக்கரத்தைச் சுற்ற விரல் நுனி பலம் போதும். அப்படியானால் ஊன்றி நிற்கிற சக்கரத்துக்கும் அதே விரல் நுனி பலம்தான் கிடைக்கும். மோட்டார் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன?

அதனால்தான் கிராலர் எனப்படும் இந்தப் பாறை ஏறும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் டிஃபரன்ஷியலே வேலை செய்யாதபடி பூட்டிவிடுகிறார்கள். பூட்டாத ஆக்சிலைப் பூட்ட இரண்டு வழி உண்டு. உள்ளே இருக்கும் குட்டிப் பல்சக்கரங்களுக்கு நடுவில் எபாக்சி பசையை அடைத்து உறைய வைப்பது மலிவான வழி. கிரீஸை ஒரு சொட்டு இல்லாமல் கழுவினால்தான் பசை பிடிக்கும். நான் முதல் தடவை பாதிக் கிரீஸோடு அடைத்து, இரண்டாவது நாளே உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டேன். அந்தக் கூட்டத்தையே எடுத்துவிட்டு ஸ்பூல் என்ற ஒரே இரும்புத் துண்டைப் போடுவது நல்ல வழி. பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. வண்டியைத் தூக்கி, மோட்டாரின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். டிஃபரன்ஷியல் உயிரோடு இருந்தால் எதிர்ச்சக்கரம் தலைகீழாகச் சுற்றும். பூட்டியிருந்தால் இரண்டுமே நகராது.

சரி, பூட்டியாயிற்று. இப்போது வண்டி திரும்ப மறுக்கும். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே 160 மில்லிமீட்டர், வண்டி திரும்பும் வட்டத்தின் ஆரம் 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்சக்கரம் 520 ஆரத்திலும் வெளிச்சக்கரம் 680 ஆரத்திலும் ஓடியாக வேண்டும். ஏறக்குறைய 30 சதவீத வித்தியாசம். ஒரே தண்டில் இறுகிய சக்கரங்களால் அது முடியாது. ஏதாவது ஒரு டயர் தரையைத் தேய்த்துக்கொண்டே போகும். பின்பகுதி வண்டியை நேராகவே தள்ளும். முன்சக்கரங்களை முழுக்கத் திருப்பினாலும் வண்டி ஏதோ பிடிவாதத்தில் நேராகப் போவது இதனால்தான்.

இதற்கு வைத்தியம், பின் ஆக்சிலை வேண்டுமென்றே மெதுவாக்குவது. முன் ஆக்சிலுக்குள் 8 பல் பினியனும் (ஷாஃப்ட் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) அது சுற்றும் 30 பல் ரிங் கியரும் (பெரிய பல்சக்கரம்) இருந்தால் விகிதம் 3.75. பின்னால் மட்டும் 33 பல் ரிங் கியர் போட்டால் 4.125. முன்சக்கரம் 11 சுற்று சுற்றும்போது பின்சக்கரம் 10 சுற்றுதான் சுற்றும். திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன, அந்தக் கூடுதல் தூரத்துக்கு இந்தக் கூடுதல் வேகம் கைகொடுக்கிறது. ஏற்றத்தில் பின்பகுதி முட்டித் தள்ளாமல், முன்பகுதி இழுத்துக்கொண்டு போகும். இறக்கத்தில் பின்பகுதி லேசாகப் பிரேக் போட்டதுபோல் வண்டியின் மூக்கை நேராக வைத்திருக்கும். இதற்கும் ஒரு விலை உண்டு. நல்ல பிடிப்புள்ள சமதரையில் இரண்டு ஆக்சில்களும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். மோட்டார் சூடாகும், பற்கள் தேயும். சரளைக்கல்லில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும். பாறையைத் தவிர வேறெங்கும் ஓட்டாதவர்கள் இந்த 10 சதவீத வித்தியாசத்தைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கணக்கு.

அடுத்தது எடை. இதில்தான் நிறையப் பேர் காசை வீணாக்குகிறார்கள். பித்தளை அலுமினியத்தைவிட மூன்று மடங்கு அடர்த்தி என்பதால், ஆக்சில் மூடியையும் சக்கரத்தின் உள்பாகங்களையும் பித்தளையில் மாற்றுவது வழக்கம். முன்னால் மாற்றுவது சரி. கை அரிப்பில் பின்னாலும் அதே ஜோடியைப் போட்டுவிடுவோம். 2.5 கிலோ வண்டியை எடுத்துக்கொள்வோம். அச்சுகளுக்கு இடையே 313 மில்லிமீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 80 மில்லிமீட்டர் உயரத்தில், எடையில் 60 சதவீதம் முன்னால். இதை 45 டிகிரி சரிவில் நிறுத்தினால் முன்பக்கத்தின் பங்கு 60-லிருந்து ஏறக்குறைய 34 சதவீதமாக இறங்கிவிடும். ஏறும்போது பின்சக்கரங்களுக்கு எடை தானாகவே வந்து சேர்கிறது, நாம் வேறு சேர்க்க வேண்டுமா? பின் ஆக்சிலில் 100 கிராம் பித்தளை போட்டால் ஈர்ப்பு மையம் கீழே இறங்குவது வெறும் 1 மில்லிமீட்டர். பின்னால் நகர்வதோ 7 மில்லிமீட்டர். வண்டி மல்லாந்து விழ அவ்வளவு கிட்டே போய்விட்டது. பக்கவாட்டுச் சரிவில் அடிக்கடி உருள்கிற வண்டிக்கு அந்த 1 மில்லிமீட்டர் கொஞ்சம் உதவலாம், அவ்வளவுதான்.

முறுக்கல் என்று இன்னொரு தொல்லை உண்டு. ஷாஃப்ட் ஆக்சிலைச் சுற்றப் பார்க்கும்போது எதிர்விசையில் சேசிஸ், அதாவது வண்டியின் சட்டகம், ஒரு பக்கமாகச் சாய்கிறது. இதனால் ஒரு பின்சக்கரம் அழுந்தும், மற்றது லேசாகித் தூக்கும். ஆக்சிலுக்குள் நடக்கும் வேகக் குறைப்பு அதிகமானால் ஷாஃப்டில் ஓடும் முறுக்கு குறையும், சாய்வும் குறையும். போர்ட்டல் ஆக்சிலின் ரகசியம் பாதி இதுதான். சக்கரத்தை ஒட்டியே கடைசி ஜோடிப் பல்சக்கரங்கள் இருப்பதால் ஷாஃப்டுக்குச் சுமை குறைகிறது. ஆக்சில் குழாயும் உயர்ந்து கல்லில் இடிபடாமல் தப்பிக்கிறது. யூனிமாக் லாரிகளில் இருப்பது இந்த அமைப்புதான். 2017-இல் வந்த ட்ராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 என்ற ஆர்சி வண்டியிலும் இதே அமைப்புதான். டிஃபரன்ஷியலை ரிமோட்டிலேயே பூட்டித் திறக்கும் வசதியும் அதில் உண்டு.

எல்லாவற்றையும் மாற்றித் திரும்பப் பொருத்தும்போது கை சொல்வதைக் கேளுங்கள். பினியனும் ரிங் கியரும் சேருமிடத்தில் நூலளவு ஆட்டம் இருக்க வேண்டும். துளியும் ஆட்டமில்லாமல் ஷிம் என்ற மெல்லிய வளையம் போட்டு இறுக்கினால் சுற்றும்போது சொரசொரப்பு விரலில் தெரியும். ஆட்டம் அதிகமானால் பல் நுனிகளே சுமை தாங்கி உடையும். அப்புறம், ஷாஃப்டைப் பிடித்திருக்கும் குட்டித் திருகுக்கு ஒரு சொட்டு த்ரெட்லாக், திருகு கழலாமல் பிடிக்கும் பசை. நான் ஒருமுறை அதை மறந்துவிட்டேன். பாதி ஏற்றத்தில் பின் ஷாஃப்ட் கழன்று, முன்சக்கரங்கள் மட்டும் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தன. அந்த 3 மில்லிமீட்டர் திருகைச் சரளைக்கு நடுவே அரை மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. வண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.